தீர்ப்பு வராத விவாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போரிட்டு அடிபணிய வைப்பது நியாயமா என்று 1550-51ஆம் ஆண்டுகளில் நடந்த விவாதம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர்களுக்காக வாதாடிய லாஸ் காசாஸ் பாதிரியார், அது நியாயமே என்ற அறிஞர் செபுல்வேதாவை வென்றதோடு பூர்வகுடிகளின் உரிமை நிலைநாட்டப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தைத் தருகிறது. அங்கே தீர்ப்பே வழங்கப்படவில்லை. சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைத் துணைக்கு அழைத்த செபுல்வேதாவும், ஐந்து நாள் தொடர்ந்து தம் மறுப்பை வாசித்த லாஸ் காசாஸும், வெற்றி தமக்கே என்று சொல்லிக்கொண்டார்கள். யாரைப் பற்றிய பேச்சோ, அவர்களில் ஒருவரையும் அந்த அவைக்கு அழைத்துக் கேட்கவில்லை.

உண்மையான பலப்பரீட்சை அதற்கு முன்பே முடிந்திருந்தது. பூர்வகுடிகளின் உழைப்பையும் திறையையும் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்த ‘என்கோமியெண்டா’ முறையில் புதிய ஒதுக்கீடு கூடாது, இருப்பதும் உரியவர் இறந்ததும் அரசுக்கே திரும்ப வேண்டும் என்று ஸ்பானிய அரசின் 1542ஆம் ஆண்டுப் புதிய சட்டங்கள் விதித்தன. பிள்ளைக்குச் சொத்து போகாது என்றதும் பெருவில் கலகம் மூண்டது. சட்டத்தை நிறைவேற்றச் சென்ற அரசப் பிரதிநிதி நூன்யெஸ் வேலா 1546இல் போரில் கொல்லப்பட்டு, தலையும் வெட்டப்பட்டது. இதில் வேதனையான வேடிக்கை, அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, 1545 அக்டோபரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அந்த வாரிசுரிமைத் தடையைத் திரும்பப் பெற்றிருந்தார் என்பதுதான். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

லாஸ் காசாஸைக் கறையற்றவராகக் காட்டியிருப்பதும் சரியன்று. அவரே என்கோமியெண்டா பெற்றவர், 1514இல்தான் துறந்தார். பூர்வகுடிகளுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒருகாலத்தில் யோசனை சொல்லி, பின்னர் அதற்காக வருந்தித் தம் வரலாற்று நூலில் அவரே எழுதிவைத்தார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அடிபணியாவிட்டால் போர் என மிரட்டும் அறிவிப்பை, அதைக் கேட்பவர்களுக்கு விளங்காத ஸ்பானிய மொழியில் படைவீரர்கள் வாசித்த வழக்கத்தைக் கண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என எழுதியவரும் அவரே. தொடரின் அடுத்த பகுதியிலாவது இந்த அறிவிப்பும் 1545இன் பின்வாங்கலும் இடம்பெறும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.