காலிமுகத்திடலுக்குப் போகச் சொன்ன அன்பருக்கு

அன்பின் ஆசிரியருக்கு,

எங்கள் பகுதிப் பூங்காவில் இரண்டு டெனிஸ் கோர்ட் அமைக்கக் குடியிருப்பாளர் சிலர் முன்வைத்த யோசனையை ஆதரித்து ஓர் அன்பர் எழுதிய கடிதத்தைப் போன ஞாயிறு பிரசுரித்திருந்தீர்கள். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். "நடக்க விரும்பும் முதியவர்களுக்குக் காலிமுகத்திடல் இருக்கிறதுதானே" என்ற வரிதான் தொண்டையில் நிற்கிறது.

இங்கே வெள்ளவத்தையிலிருந்து அந்தக் கடற்கரைத் திடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. முழங்கால் வலியோடு மாலை ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், நடந்துவிட்டு, திரும்பவும் தொங்கிக்கொண்டு வரவேண்டும் போலும். சரி, போகிறேன். அன்பரும் ஒருநாள் வரட்டும். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1859இல் அந்த நடைபாதையைக் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்து இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருபவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர் வெள்ளைக்காரர். நம்மவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

டெனிஸ்மீது எனக்குக் கோபமில்லை. விம்பிள்டன் நாட்களில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே பிந்தும். ஆனால் ஓடி அடிக்க இடம் விட்டால் ஒரு கோர்ட்டுக்கு ஏறத்தாழ 36 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் வேண்டும். நம் கணக்கில் 26 பேர்ச் காணி (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீட்டர்). இரண்டுக்கும் 52. பத்துப் பேர்ச் கிடைத்தாலே தொடர்மாடி எழுப்புகிற ஊரில், ஒரு நேரத்தில் அதிகம் போனால் எட்டுப் பேர் ஆடுவதற்கு 52 பேர்ச்! சுற்றிவரக் கம்பிவலை, உள்ளே கொங்கிரீட் தளம். ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் ஒழுங்கைக்குத்தான். இப்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறோம்.

"பிள்ளைகளின் நன்மைக்காக" என்கிறார்கள். எந்தப் பிள்ளைகள்? நாங்கள் வீடு வாங்கும்போது விளம்பரத் தாளில் சிறுவர் விளையாட்டிடம் என்று பச்சை நிறத்தில் காட்டிய மூலையில் இன்று ஜெனரேட்டர் நிற்கிறது. மொட்டைமாடிக்குப் பூட்டு. கார் நிறுத்துமிடத்தில் பந்து போட்டால் காவலாளி துரத்துகிறார். அப்படித் துரத்தப்பட்டு வருகிற பிள்ளைகள்தான் பூங்காவில் ஓடுகிறார்கள். மணிக்கணக்கில் காசு கட்டி கோர்ட் பதிவு செய்யப்போவது அவர்களா? பூங்காவின் ஒரு பக்கத்தை முன்பு "தற்காலிகமாக" வாகனத் தரிப்பிடமாக்கினார்கள். இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது. உடைந்த வாங்கைத் திருத்தத் தருகிறோம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், அதுவும் திரும்பவில்லை.

அப்புறம் இந்த யோசனையைப் பற்றிப் பேச வைத்த அந்தக் கூட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்தார்கள், பாதிப்பேர் கோயிலில் நிற்கும் நேரம் பார்த்து. அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேட்டபோது, "அவசரத்தில் விடுபட்டுவிட்டது, அன்ரி" என்றார் ஒரு தம்பி. அவரும் தமிழர்தான். என் உத்தியோக காலம் முழுக்க இதே அவசரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன்.

கொழும்பு 7இல், விஹாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில், இலங்கை டெனிஸ் சங்கத்தின் கோர்ட்டுகள் இருக்கின்றன. நடப்பவர்கள் காலிமுகத்திடலுக்குப் போகலாம் என்றால் ஆடுபவர்கள் அங்கே போகட்டுமே. அவர்களிடம் காராவது இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள். வரைபடத்தை மூன்று மொழியிலும் எழுதிப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். அதுவரைக்கும், பூட்டிக் கிடக்கிற அந்தக் கழிப்பறையைத் திறந்துவிட்டால் போதும். திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழும்பு 6.