கடை ஊழியருக்கு அமர ஓர் இருக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரின் புடைவைக் கடைகளிலும் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் பணிபுரிவோரின் நலன் குறித்துச் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முதலாளிமாரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்வழங்குநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அதையே பெருங்கொடையாகப் பேசுவோரும் நம்மிடையே உண்டு என்பது வேறு கதை. ஊழியர் நலன் பேணுதல் அதற்கு அப்பால்தான் ஆரம்பமாகிறது. கடை திறந்தது முதல் ஷட்டர் இறங்கும்வரை நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்டி, வாடிக்கையாளர் போனபின் அத்தனையையும் மடித்து அடுக்கும் பெண்ணுக்கு, இடையில் சற்று அமர ஒரு ஸ்டூலும், மதியச் சோற்றைப் பதற்றமின்றி உண்ண ஓரிடமும், சுத்தமான கழிப்பறையும் அமைத்துக் கொடுக்கப் பெருஞ்செலவு ஆகாது.

ஹோட்டல்களின் நிலை சற்று வேறு. மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாப் பருவத்தில் ஓய்வின்றி உழைக்கும் பலர், வாடைக்காற்று தொடங்கியதும் வருமானமின்றி வீட்டிலிருக்க நேரிடுகிறது. பருவகாலத்தில் ஊழியர் விரும்பிச் சேமிக்கும் தொகையுடன் முதலாளியும் தம் பங்கைச் சேர்த்து மாரிகாலத்தில் வழங்கலாம். குடும்பத்தினரையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்புறுதியை ஆண்டு முழுவதும் நீடிக்கலாம். மூதூர், கிண்ணியாவிலிருந்து வந்துபோவோருக்கு அடுத்த வாரக் கடமைப் பட்டியலை முன்கூட்டியே கொடுப்பதற்கோ ஒரு சதமும் செலவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.