டார்கெட் எழுதறதுக்கு முன்னால

திருப்பூர்,
ஆடி 22

அன்புள்ள மாப்ள,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சுட்டேன். தோப்புல வெள்ளை ஈ மறுபடியும் ஏறிருச்சுன்னு எழுதியிருந்தே. ஓலையெல்லாம் கறுத்துக் கெடக்கறதைப் பார்த்து அப்பாவுக்கு நெம்ப வெசனமா இருக்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஓலைக்கு அடியில தண்ணியை வேகமாப் பீச்சச் சொல்லு. கண்ட மருந்தையும் அடிச்சா அந்த ஈயை அழிக்கற குளவியும் சேர்ந்து செத்துப்போகும். இங்க ஆடிக்காத்து ஆளைத் தள்ளுது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்பத் தானே ஊசியில நூல் கோக்கறாங்க.

மோட்டார் பம்ப் பிளான்ட் முழுக்க உன் பொறுப்புக்கு வந்தது சந்தோசம். ஆவணிக்குள்ள நாப்பத்திரண்டு பேருக்கு டார்கெட் எழுதணும், எல்லாத்துக்கும் நம்பர் வெச்சுட்டா பாரபட்சம்னு யாரும் பேச முடியாதுல்லன்னு கேட்டிருந்தே. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். இந்த விசயத்தை உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

முன்னால வேலை பார்த்த பனியன் கம்பெனியில தெனமும் யார் எத்தனை பீஸ் அடிச்சாங்கன்னு சார்ட் போடுவேன். கழுத்து ரிப் வைக்கிற ஓவர்லாக் தையல் மெசின்ல ஒரு அக்கா இருந்தாங்க. மூணு மாசமாக் கடைசிப் பேர் அவங்களோடதுதான். நான் இன்கிரிமென்ட்டை நிறுத்திட்டேன். பேப்பரைப் பார்த்துட்டு "சரிங்க சார்"னாங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுப் போனவங்க திங்கட்கிழமை வரல.

அடுத்த வாரமே அந்த லைன்ல ஆல்ட்டர் பீஸ், அதாவது தப்பாத் தைச்சதால பிரிச்சுத் திருப்பி அடிக்க வேண்டிய பீஸ், குவிய ஆரம்பிச்சுது. என்னடான்னு ஒரு நாள் முழுக்க மெசினுக்குப் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அப்பத்தான் புரிஞ்சுது. மத்தவங்க கெடுத்த பீஸையெல்லாம் சூப்பர்வைசர் அந்த அக்கா டேபிள்லதான் வெச்சிருக்கார், அவங்க கை சுத்தம்னு. நாலு நூல் தையலை ஊசி முனையால ஒவ்வொண்ணாத் தூக்கி, துணி ஓட்டையாகாமப் பிரிச்சு, திருப்பி அடிக்கணும். கறுப்புத் துணின்னா வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சுத்தான் நூலையே கண்டுபிடிக்கணும். அப்படி ஒரு பீஸ் சரி பண்ற நேரத்துல புதுசா மூணு பீஸ் அடிச்சுரலாம். அந்த வேலைக்கு என் சார்ட்ல கட்டமே இல்ல. லைனைத் தாங்கிட்டிருந்த ஆளைத்தான் நான் கடைசிப் பேரா எழுதியிருக்கேன்.

வீடு தேடிப் போனேன். வேற கம்பெனியில சேர்ந்திருந்தாங்க. கோவிச்சு ஒரு வார்த்தை பேசல, காப்பி குடுத்தாங்க. "நீங்க ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமுங்க சார்"னு மட்டும் சொன்னாங்க. இன்னிக்கும் யாருக்காவது மதிப்பெண் போட உக்காந்தா அந்தக் குரல்தான் முன்னால நிக்குது.

அதனால உனக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஒருத்தரை அளக்கறதுக்கு முன்னால, அவர் கையில இல்லாததைக் கழிச்சுரு.

இங்க இப்ப எப்படிக் கழிக்கிறேன்னு சொல்றேன். ஒவ்வொரு தையலுக்கும் சாம்னு ஒரு நிமிசக் கணக்கு உண்டு. நிதானமான வேகத்துல, நூல் மாத்தறது, தண்ணி குடிக்கறது எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு ஆகற நேரம். 0.8 நிமிசம்னு வெச்சுக்க. 480 நிமிசத்துல 600 பீஸ் அடிச்சா நூறு சதவீதம். ஒருத்தர் 390 அடிச்சிருந்தா அறுபத்தஞ்சு சதவீதம், பழைய சார்ட் அதோட முடிஞ்சுரும். ஆனா தைக்க வேண்டிய வெட்டின துணிக்கட்டு (பண்டில்) வராம அவர் 50 நிமிசம் சும்மா உக்காந்திருந்தார், மெக்கானிக் வர 30 நிமிசம் ஆச்சுன்னா, அது அவர் குத்தமா? அந்த 80 நிமிசத்தைக் கழிச்சா 400 நிமிசத்துக்கு 500 பீஸ்தான் நூறு சதவீதம், அவரோட 390க்கு எழுபத்தெட்டு சதவீதம் வருது. அதே ஆள், அதே நாள். இப்ப டெய்லரே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தர்றாங்க, எதுக்காக மெசின் நின்னுதுன்னு. ஆல்ட்டருக்குத் தனி நிமிசம். புது ஸ்டைல் ஏறினா கை பழகற வரைக்கும் மூணு நாளைக் கணக்குல சேர்க்கறதில்ல. அந்தச் சீட்டுகளால இன்னொண்ணும் தெரிஞ்சுது: நிக்கிற நேரத்துல பெரும்பாதி கட்டிங்லருந்து துணி லேட்டா வர்றதாலதான். அது டெய்லர் பிரச்சினையே இல்ல, என் பிரச்சினை.

டெமிங்னு ஒரு அமெரிக்கர், 1950லருந்து ஜப்பான்காரங்களுக்குத் தரத்தைப் பத்திப் பாடம் எடுத்தவர். தன் வகுப்புல ஒண்ணு செஞ்சு காட்டுவார். ஒரு பெட்டியில 4000 மணி, அதுல 800 சிவப்பு, மீதி வெள்ளை. 50 குழி இருக்கற துடுப்பை உள்ள விட்டு அள்ளணும், சிவப்பு வந்தா டேமேஜ். ஒருத்தருக்கு 6 வரும், இன்னொருத்தருக்கு 15 வரும். கம்மியா வந்தவரைப் பாராட்டுவார், அதிகமா வந்தவரைத் திட்டுவார். அடுத்த தடவை அள்ளினா அப்படியே தலைகீழா மாறும். மணியைக் கலந்தது யாரு, அள்ளினவனா? நாம போடற ரேங்க் லிஸ்ட்ல பாதி இந்த மாதிரிதான்.

உன் சேல்ஸ்காரரையே எடுத்துக்க. 2016 ஐப்பசி, கார்த்திகையில மழை பொய்ச்சுப்போச்சு. அடுத்த கோடையில நம்ம பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் போர் போட்டாங்க, சப்மெர்சிபிள் கேட்டு வரிசையில நின்னாங்க. அந்த வருசம் அவருக்கு மேடையில மோதிரம் போட்டதா எழுதியிருந்தே. 2018 ஆடியில மேட்டூர் நெறஞ்சுது, கெணத்துல தண்ணி மேல வந்துச்சு, அவர் விற்பனை படுத்துருச்சு, உங்க ஆளுங்க விளக்கம் கேட்டு நோட்டீஸ் குடுத்தாங்க. மனுசன் ரெண்டு வருசமும் அதே வண்டியில அதே ஊர்களுக்குத்தான் போயிட்டிருந்தார். மழைக்குத்தான் மோதிரமும் நோட்டீஸும் போயிருக்கு. அதனால மொத்த விற்பனையை விட்டுட்டு, பக்கத்து ஏரியாக்களோட ஒப்பிட்டு எவ்வளவுன்னு பாரு. எத்தனை டீலரைப் புதுசாப் பிடிச்சார், பழைய டீலர் நிக்கிறாரா, பாக்கி வசூல் எப்படி? இதெல்லாம் அவர் கையில இருக்கு.

சர்வீஸ் பையன்களுக்கு "மாசம் இத்தனை கம்ப்ளைன்ட் முடிக்கணும்"னு மட்டும் எழுதிராத. போன்லயே "சரியாயிருச்சுங்"னு மூடிருவாங்க, விவசாயி தண்ணியில்லாம நிப்பார். அதே மோட்டார் முப்பது நாளைக்குள்ள திரும்ப வந்துச்சான்னும் பக்கத்துலயே எண்ணு. வைண்டிங்ல, அதாவது ஸ்டேட்டர்ங்கற மோட்டாரோட அசையாத பாகத்துக்குக் கம்பி சுத்தற எடத்துல, 1 எச்பி ஸ்டேட்டரையும் 10 எச்பி ஸ்டேட்டரையும் ஒண்ணுன்னு எண்ணினா, பெரிய மோட்டாரைத் தொட ஆளே வராது.

டிரக்கர்னு ஒரு நிர்வாக நிபுணர், 1954லயே இலக்கு வெச்சு நிர்வாகம் பண்றதைப் பத்தி எழுதினார். இலக்கோட சேர்த்து அவர் சொன்ன சுயக்கட்டுப்பாட்டைத்தான் எல்லாரும் விட்டுட்டாங்க. கணக்கு மொதல்ல வேலை செய்யறவர் கைக்குப் போகணும், தன்னைத் தானே திருத்திக்கறதுக்கு. அதைச் செவுத்துல ஒட்டி நாலு பேர் முன்னால மானத்தை வாங்கறதுக்கு இல்ல. நான் சார்ட்டைச் செவுத்துலருந்து எடுத்துட்டேன். சீட்டாக் கையில குடுக்கறேன்.

"நல்லா ஒத்துழைக்கணும்", "ஆர்வம் வேணும்"னு எழுதற வரிகளை அடிச்சுரு. அதை வெச்சுத்தான் பிடிச்சவனுக்கு அஞ்சும் பிடிக்காதவனுக்கு ரெண்டும் போடறாங்க. மூணு இலக்குக்கு மேல வேண்டாம். ரெண்டு வாரத்துக்கொரு தடவை ஒவ்வொருத்தரைப் பத்தியும் ரெண்டு வரி குறிச்சு வெய்யி, இல்லைன்னா வருசக் கடைசியில போன மாசம் நடந்தது மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும்.

எழுதறதுக்கு முன்னால வைண்டிங் செக்சன்ல ஒரு நாள் முழுக்க உக்காரு. கம்பியை இழுக்கற விரல் எப்படித் தேஞ்சிருக்குன்னு பாரு. "உங்க வேலையில எதை எண்ணினா நியாயம்னு நெனைக்கிறீங்க?"ன்னு அவங்களையே கேளு. அதுக்கப்புறம் எழுதின மொதல் தாளை எனக்கு அனுப்பு, சனிக்கிழமை சம்பளம் முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து படிக்கறேன்.

தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதாச் சொல்லு. ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழமை வாங்க, அம்மா உங்களை எல்லாம் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க.

அன்புடன்,
உன் மச்சான்