பழைய வண்டிக்குப் புது கேஸ்: ஏன் குறைவாகப் போடுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் பட்டறை வாசலில் கான்டெசாவும், பழைய பென்ஸும், டேஷ்போர்டுக்கு அடியில் ஏசி தொங்கும் அம்பாசடரும் வந்து நிற்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் கேட்பார்கள்: "தம்பி, கூலிங் பத்தல. இன்னும் கொஞ்சம் கேஸ் ஏத்தி விடுங்க." ஏற்ற வேண்டாம், இருப்பதிலேயே கொஞ்சம் இறக்க வேண்டும் என்று நான் சொன்னால் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்கு வண்டி நின்று விளக்குவதைவிட ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்த வண்டிகளின் ஏசி ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸுக்காகச் செய்தது. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பாடு செய்துகொண்டன. 2010 பிறப்பதற்குள் நம் நாட்டிலும் அதன் உற்பத்தி நின்றுபோனது. அதனால்தான் ஆர்-134ஏ என்ற புது கேஸுக்கு மாற்றுகிறோம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான், குணம் வேறு. வண்டிக்குள் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் பக்கம், பூஜ்ஜியம் டிகிரி வாக்கில், இரண்டின் அழுத்தமும் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). ஆனால் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் 60 டிகிரிக்குச் சூடேறினால் ஆர்-12 சுமார் 205 பிஎஸ்ஐ காட்டும் இடத்தில் 134ஏ சுமார் 230 காட்டும். வெயில் ஏற ஏற இந்த இடைவெளியும் கூடும். மதுரை மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர்-12 ஒரு கிலோ என்று இருந்தால், நாங்கள் 134ஏ 800 முதல் 850 கிராம்தான் போடுவோம். அதையும் தராசில் சிலிண்டரை வைத்து, கிராம் பார்த்துத்தான்.

அப்பா பட்டறை நடத்திய காலத்தில் தராசே கிடையாது. கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டில் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேஸ் விடுவார். நுரை ஓடினால் பத்தவில்லை, நுரை அடங்கினால் போதும். ஆர்-12-க்கு அந்தக் கணக்கு சரி. 134ஏ-இல் சரியான எடை இருக்கும்போதும் நுரை தெரியலாம். அது அடங்கும்வரை விட்டுக்கொண்டே போனால் மிஞ்சிய கேஸ் திரவமாகக் கண்டென்சரில் தேங்கும். சூட்டை வெளியேற்ற வேண்டிய குழாயில் பாதி அடைபட்ட மாதிரிதான். அழுத்தம் ஏறும், கூலிங் குறையும், கம்ப்ரசர் முக்கும்.

போன சித்திரையில் ஒரு கான்டெசா வந்தது. ரிங் ரோட்டில் ஓடும்போது சில்லென்று இருக்கும், கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் அனல் காற்று. மூன்று தடவை கேஸ் சேர்த்தாகிவிட்டது என்றார் உரிமையாளர். கேஜ் மாட்டினால் ஹை சைடு, அதாவது கண்டென்சர் பக்க அழுத்தம், 320 பிஎஸ்ஐ. மொத்த கேஸையும் மீட்டு, வேக்கம் போட்டு (பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி), 850 கிராம் மட்டும் விட்டோம். கண்டென்சருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினோம். வண்டி நிற்கும்போது பழைய குழாய்க் கண்டென்சர் 134ஏ-க்கு ஈடுகொடுக்காது, காற்று கூடுதலாக வேண்டும். பல மெல்லிய குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ கண்டென்சர் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் எல்லா வண்டியிலும் இடம் இருக்காது. இவ்வளவு செய்தாலும் ஆர்-12 நாளில் வந்ததைவிடக் காற்று இரண்டு மூன்று டிகிரி சூடாகத்தான் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேஸை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்-12-உடன் ஓடிய மினரல் ஆயில் 134ஏ-இல் கரையாது. எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடும், கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் சுற்றும். அதனால் பழைய எண்ணெயை ஃப்ளஷ் செய்து வெளியேற்றிவிட்டு 134ஏ-இல் கரையும் எஸ்டர் ஆயில் விடுகிறோம். மிச்சம் மீதி மினரல் ஆயில் இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். 134ஏ-க்கான இன்னொரு எண்ணெயான பிஏஜி ஆயில் அந்த விஷயத்தில் கறார். டிரையர் பாட்டிலையும் ஓ-ரிங்குகளையும் மாற்றியே தீர வேண்டும். ஹோஸ் பழசாகி வெடித்திருந்தால் அதையும்தான். ஆர்-12 மிச்சமிருக்கும் வண்டியில் அதற்கு மேலேயே 134ஏ விடச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்தால் தனித்தனியாக இருந்ததைவிட அழுத்தம் கூடும், செய்ய மாட்டோம்.

லீக் பார்ப்பதும் மாறிவிட்டது. அப்பா ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார். அதன் ரப்பர் குழாயை ஜாயின்ட் பக்கம் கொண்டுபோனால், லீக் இருக்கும் இடத்தில் சுடர் பச்சையாகும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு ஓடிவருவேன். பச்சையாக்குவது குளோரின். 134ஏ-இல் குளோரின் இல்லை, எவ்வளவு கசிந்தாலும் அந்தச் சுடர் அசையாது. இப்போது நைட்ரஜன் அடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவுகிறோம், பிறகு எலெக்ட்ரானிக் டிடெக்டர். விளக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

வேக்கம் பம்ப் ஒரு மணி நேரம் ஓடுவதைப் பார்த்துச் சிலர் பொறுமையிழக்கிறார்கள். கேஜ் முள் வெற்றிடக் கணக்கில் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டி இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஈரம் தங்கினால், கேஸ் சின்னத் துவாரம் வழியாகப் போகும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் நகர்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ்.

மலிவாக "ஆர்-12 மாதிரியே" என்று சொல்லி விற்கும் சிலிண்டர்களை இங்கே கொண்டுவராதீர்கள். சிலவற்றில் இருப்பது அடுப்பு கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். கூலிங் காயில் உங்கள் காலுக்கு மேலேதான் இருக்கிறது.

வேலைக்கு இரண்டு நாள் ஆகும். முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். முடிந்ததும் பானட்டில் ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டித் தருவோம்: கேஸின் பெயர், எத்தனை கிராம், என்ன ஆயில், தேதி. அடுத்த முறை வேறு ஊரில், வேறு பட்டறையில் நின்றாலும் அதைக் காட்டுங்கள். அங்கே யாராவது கண்ணாடியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் பிடிக்கும் சார்" என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து