முன்வரைவு இல்லாத தையலுக்குச் சிறு குழு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்வரைவு எதுவும் இல்லாமல், துண்டுத் துணிகளைக் கண்ணளவில் வெட்டி இணைத்துக் குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க முன்வரும் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில காலத்திற்கு முன், ஏறத்தாழ நாற்பது பேர் அமர்ந்திருந்த ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிய துணிக்கட்டைக் கொடுத்து, பலகையில் வரைந்து காட்டியபடி தைக்கச் சொன்னார்கள். மாலையில் பார்த்தால் நாற்பது துண்டுகளும் ஒன்றுபோலவே இருந்தன. அதன் பிறகு ஏழு பேர் மட்டுமே கொண்ட இரண்டு நாள் பட்டறைக்குச் சென்றபோதுதான், அந்த வகுப்பில் எனக்குக் கிடைக்காமல் போனது எது என்று விளங்கிற்று.

இம்முறையில் அளவுகோலை ஒதுக்கி வைக்கிறோமே தவிர, தையலுக்கு விடும் கால் அங்குலத்தை ஒதுக்க முடியாது. சாய்வாக வெட்டிய துணியின் விளிம்பு, இழையின் போக்குக்கு மூலைவாட்டில் அமைவதால், சற்று இழுத்தாலும் நீண்டு அலைபோல் நெளிந்துவிடும். என் துண்டுகள் ஏன் நெளிகின்றன என்பது முந்தைய வகுப்பில் யார் கண்ணிலும் படவில்லை. இங்கோ, நான் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்ப்பதைப் பயிற்றுநர் பக்கத்தில் நின்று பார்த்து, பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தும்படி காட்டினார். அன்றோடு அந்தக் குறை தீர்ந்தது.

அதைவிட மேலானது சுவரில் நடந்தது. பிளானல் துணி விரித்த சுவரில் ஏழு பேரின் துண்டுகளும் ஒட்டி நின்றன. நாங்கள் பத்தடி பின்வாங்கிப் பார்த்தோம். சாம்பலும் நீலமுமாக இருந்த என் துண்டு மங்கித் தெரிந்தது. உடன் பயின்ற பெண்மணி ஒருவர் தம் வெட்டுத் துணியிலிருந்து கடுகு மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். அந்தப் பட்டையைச் சேர்க்க, தைத்து முடித்ததை நடுவே வெட்டுவதா என்று வெகுநேரம் தயங்கினேன், பிறகு வெட்டினேன். விரலகலம் தெரிய வேண்டிய பட்டையை, இருபுறத் தையலுக்கும் சேர்த்து அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும் என்பதை அப்போது கற்றது இன்றுவரை மறக்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றுள் பத்தினை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அப்பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும், அருகிருந்து பார்த்தே இந்தத் தையலைப் பழகினார்கள். அந்த அருகாமையைத்தான் எங்கள் ஏழு பேருக்கும் அந்தச் சிறிய அறை தந்தது.

ஆகவே, இத்தகைய பட்டறைகளை நடத்துவோர் ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காமலும், ஒரே மாதிரி வெட்டிய துணிக்கட்டுகளைக் கொடுக்காமல் அவரவர் வீட்டுத் துணியையே கொண்டுவரச் செய்தும், எல்லாருடைய துண்டுகளையும் சேர்த்துப் பார்க்க ஒரு சுவரை ஒதுக்கியும் உதவ வேண்டுகிறேன். கட்டணம் சற்றுக் கூடினாலும் கற்க விரும்புவோர் மனமுவந்து செலுத்துவர் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி