கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு: டிமென்ஷியா உள்ள வீடுகளுக்கும் ஆள் அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் எங்களுக்குப் பெரிய உதவி. சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. அதே திட்டத்தில் டிமென்ஷியா (நினைவும் அன்றாட வேலை செய்யும் திறனும் குறைந்துகொண்டே போகும் மறதி நோய்) உள்ளவர்களின் வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் வரவேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

மாத்திரையை டாக்டர் எழுதித் தந்துவிடுவார். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கு எப்படி உதவுவது? அதை யார் சொல்லித் தருவார்கள்? குளியல், உடை, சாப்பாடு, கழிவறை என்று அன்றாட வேலைகளில் அவருக்கு எது இன்னும் வருகிறது, எங்கே தடுமாறுகிறார் என்று கவனித்து, அதற்கேற்ப வேலையையும் வீட்டையும் மாற்றித் தருவதுதான் இந்தத் தெரபிஸ்ட்டின் பணி.

என் மாமியார் முந்திரி உடைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். இப்போது “குளிச்சிட்டு வாங்க அத்தை” என்றால் அசைய மாட்டார். சொம்பைக் கையில் கொடுத்து “தண்ணி ஊத்திக்குங்க” என்றால் ஊற்றிக்கொள்வார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, வாழை இலையில் போட்டால் சாப்பிடுகிறார். வறுத்த முந்திரியைத் தோலெடுக்கக் கொடுத்தால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். இவற்றையெல்லாம் புதுச்சேரி வரை போய், ஒரு தெரபிஸ்ட்டிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கூலி வேலையை விட்டுவிட்டு எல்லாராலும் அப்படிப் போக முடியாது. எத்தனையோ வீடுகளில் இதைப் பிடிவாதம் என்று நினைத்துப் பெரியவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நெதர்லாந்தில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், தெரபிஸ்ட்டுகள் ஐந்து வாரத்தில் பத்து முறை வீட்டில் வைத்தே பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகளின் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது, பார்த்துக்கொள்பவர்களுக்கும் நம்பிக்கை கூடியது. பத்து முறை வரக்கூட நாங்கள் கேட்கவில்லை. இரண்டு மூன்று முறை வந்து எங்கள் வீட்டைப் பார்த்தாலே போதும்.

முதலில் மாவட்டத்துக்கு ஒருவரையாவது நியமியுங்கள். பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள் அவர் உட்காரட்டும். அப்புறம், மாத்திரை கொண்டுவரும் அக்காமார்களுக்கும் அவரை வைத்தே அடிப்படைப் பயிற்சி கொடுங்கள். அந்தப் பயிற்சிக்கு எங்களைப் போல வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்திலிருந்து ஒரு மருமகள்