சின்னவன் பேச்சு பற்றி அக்காவுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆடி முதல் வெள்ளி

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் கால்வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பருவம் முடிகிற சமயத்தில் பிள்ளைக்குப் பிள்ளை அறிக்கை எழுதிக் கொடுத்தாக வேண்டும், வேறு எதற்கும் கை ஓடாது.

குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல். இங்கே இப்போது குளிர்காலம்தான், ஆனாலும் கடலோர ஊர், நம்ம ஊர் மார்கழி மாதிரி. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொல்லையில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்திருக்கிறார்கள். சேப்பங்கிழங்கை இங்கே மடும்பி என்பார்கள். அதைப் புளி ஊற்றி வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கு வந்துவிடும். 1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்தவர்கள் வழியில் வந்த குடும்பம். ஆடி பிறந்ததிலிருந்து மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வராது, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ழகரம் சரியாக வருகிறதா என்று கேட்பார்கள். நுனிநாக்கை மடித்துப் பின்னுக்குக் கொண்டுபோங்கள், அண்ணத்தைத் தொடவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது பத்துக்கு ஆறேழு தடவை வந்துவிடுகிறது.

பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் என் வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். அதை விவரமாகவே எழுதுகிறேன், உன் சின்னவனுக்கு இன்னும் பேச்சு சரியாக வராத விஷயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது.

பள்ளி ஆண்டு இங்கே ஜனவரியில் தொடங்கும். பிள்ளைகள் பழகியதும் கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தியது), கிரேடு 1 வகுப்புகளில் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் பார்ப்போம். படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறதா, இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் வரிசையாகச் செய்கிறதா, சின்னக் கதையைத் திருப்பிச் சொல்கிறதா என்று கவனிப்போம். சந்தேகம் இருந்தால் ஆசிரியர் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று எழுதும் எஸ்.என்.ஏ. 1 படிவத்தை நிரப்பி, வகுப்பிலேயே சில மாற்றங்கள் செய்து பார்ப்பார். அதில் சரிவராவிட்டால்தான் பள்ளியின் உதவிக் குழு அடுத்த படிவமான எஸ்.என்.ஏ. 2 எழுதும். என் கார் டிக்கியில் எப்போதும் கண்ணாடி, மரக்குச்சி, உறிஞ்சுகுழல், சோப்புக் குமிழி, படச் சீட்டு, டார்ச் எல்லாம் இருக்கும்.

இங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஜூலு, பள்ளியில் ஆங்கிலம். ஜூலுவில் அவன், அவள் என்ற வேறுபாடு கிடையாது. அதனால் பெண் பிள்ளையை ஆங்கிலத்தில் 'ஹீ' என்று சொல்லிவிடுவார்கள். அதைக் குறை என்று எழுதி என்னிடம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். பள்ளி மொழியில் மட்டும் தடுமாறினால் அந்த மொழி இன்னும் பழகவில்லை என்றுதான் பொருள், வீட்டு மொழியிலும் தடுமாறினால்தான் சிகிச்சை வேண்டும். ஆகவே முதலில் பாட்டியைக் கூப்பிட்டு, இவன் வயதுப் பிள்ளைகள் மாதிரி வீட்டில் பேசுகிறானா என்று கேட்பேன். ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று செய்த எந்தப் பரீட்சையையும் விட அந்தப் பாட்டி சொல்வதையே நான் நம்புவேன்.

ககரம் வராத பிள்ளைகள் நிறைய. நம் ஊரிலும் 'காக்கா'வை 'தாத்தா' என்று சொல்லும் குழந்தைகளைப் பார்த்திருப்பாய். மூன்று வயதில் அது சகஜம், நாலு தாண்டியும் போகாவிட்டால் கவனிக்க வேண்டும். கண்ணாடி முன் உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் தொண்டையைக் கொப்பளிக்கச் சொல்வேன். நாக்கின் பின்பகுதி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு அப்போதுதான் புலப்படும். பிறகு மரக்குச்சியால் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மெல்ல அழுத்தி, ஒலியைச் சொல்ல வைப்பேன். நுனி எழும்ப முடியாததால் பின்நாக்கு தானாக எழும். குச்சி கொஞ்சம் உள்ளே போனாலும் குமட்டும், பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது. 'கா'வை விட 'அக்', 'ஊக்' முதலில் எளிதாக வரும். 'கத்தி', 'தக்காளி' மாதிரி இரண்டு ஒலியும் கலந்த சொற்களை ஆரம்பத்தில் தொடவே கூடாது, தகரம் ககரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். பத்துக்கு எட்டு சரியாக வந்தால்தான் அடுத்த படி: அசை, சொல், வாக்கியம், பிறகு சாதாரணப் பேச்சு. கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். என் அறையில் அழகாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனதும் பழையபடி பேசும். அதனால் ஐந்தே சொற்களை எழுதி ஆசிரியரிடமும் வீட்டிலும் கொடுத்து, தினம் ஐந்து நிமிடம் போதும் என்பேன்.

இப்போது சின்னவன். ஐப்பசி வந்தால் மூன்று முடிகிறது, பத்துப் பதினைந்து சொல்தான் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொல்லும், 'பால் வேணும்', 'அம்மா வா' என்று இரண்டு சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும். அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார் என்று அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தானாகத் தேறும் பிள்ளைகள் உண்டு. யார் தேறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, அக்கா. அதனால் காத்திருக்காதே.

முதலில் காது. கூப்பிட்டால் திரும்புகிறான், தட்டு விழுந்தால் பார்க்கிறான் என்பது போதாது. அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது அல்லவா? செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தால் கேட்பது ஒரு நாள் தெளிவாகவும் ஒரு நாள் மந்தமாகவும் இருக்கும். சிலருக்கு மேளச் சத்தம் கேட்கும், ச, ஸ போன்ற மெல்லிய ஒலி மட்டும் விழாது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டு சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுங்கள். தூங்கும்போது எடுப்பது, வலி இல்லை. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற குழந்தைகள் மையம் இருக்கும். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை அங்கே இலவசம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள். அவன் சொல்லும் சொற்களை அவன் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள். வீட்டில் விளையாடும்போது போனில் வீடியோ எடுத்து வை. ஆஸ்பத்திரியில் வாயே திறக்க மாட்டான். விரலால் சுட்டிக் காட்டுகிறானா, பெயர் சொன்னால் முகத்தைப் பார்க்கிறானா என்றும் கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவ வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல். நாக்குக்கு அடியில் வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. பேச்சு தாமதமாவதற்கு அது காரணம் இல்லை.

எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறோம், வீட்டில் தமிழை நிறுத்து என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். நிறுத்தாதே. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. நீ கொஞ்சுவதும் திட்டுவதும் எந்த மொழியிலோ அதிலேயே பேசு. அவன் 'பஸ்' என்றால் நீ 'பெரிய பஸ்', 'பஸ் போகுது' என்று ஒரு சொல் கூட்டிச் சொல். எதையாவது கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறு. 'இது என்ன, சொல்லு, சொல்லு' என்று பரீட்சை வைக்காதே. பிஸ்கட்டை அவன் திறக்க முடியாத டப்பாவில் போட்டுக் கண்ணில் படும்படி வை, கேட்க வேண்டிய அவசியம் வரட்டும். சாப்பிடும்போது போனைக் காட்டாதே.

இதையெல்லாம் திண்ணையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நானே செய்ய வேண்டியது. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைப் பேச வைக்கிறேன், வீட்டுக்கு வந்தால் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சரி, அதை விடு.

கொல்லை மனை விஷயத்தில் பெரியப்பா சொன்னபடியே செய்யலாம். பவர் பத்திரத்தின் வரைவை சர்வே எண், நான்கெல்லை சரிபார்த்து அனுப்பச் சொல். இங்கே டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், மறக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல். சீட்டுப் பணம் இம்மாதம் இருபதுக்கு மேல்தான் வரும். கார் டயர் மாற்ற வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இரவு எட்டரைக்குக் கூப்பிடுகிறேன், எனக்கு மாலை ஐந்து. அதற்குள் டாக்டரிடம் நாள் வாங்கி வை.

உன் தங்கை